புலியின் நகமா, புலி நகமா: விங் கமாண்டர் விளையாட்டும் படமும் பிரியும் இடங்கள்

வாசகர் கேள்வி, ஜனவரி 4

1999-இல் வந்த விங் கமாண்டர் படத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன், பிடித்தும் போனது. இப்போது 1990-இல் வந்த முதல் கணினி விளையாட்டைத் தொடங்கியிருக்கிறேன். இரண்டிலும் கதை நடக்கும் ஆண்டு 2654, கப்பலுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். ஆனால் இங்கே எதிரி இனமான கில்ராத்திகளுக்கு முகமெல்லாம் ரோமம். பில்கிரிம் என்ற சொல்லே காணோம். படத்தில் ரகசிய உளவாளியாக வந்த பாலடின், விளையாட்டில் மற்ற விமானிகளோடு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். படம் தொடங்கும் முன்பே செத்துப்போன பாஸ்மேன் இங்கே பேசுகிறார், கூடப் பறக்கிறார். இரண்டையும் உருவாக்கியவர் ஒரே ஆள்தானே? எதை உண்மையான கதை என்று எடுத்துக்கொள்வது?

ஜனவரி 4, இரவு

ஒரே ஆள்தான். ஆரிஜின் நிறுவனத்தில் இருந்தபோது விளையாட்டை உருவாக்கிய கிறிஸ் ராபர்ட்ஸே படத்தையும் இயக்கினார். அதனால் "படம் எடுத்தவர்களுக்கு விளையாட்டு தெரியாது" என்ற வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது. தெரிந்துதான் மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது பூனைகள். விளையாட்டில் கில்ராத்திகள் புலி, சிங்கம் சாயலில் இருக்கும் ரோமக்காரர்கள். 1994-இல் வந்த மூன்றாம் பாகத்தில் நிஜ நடிகர்களை வைத்துக் காட்சிகள் எடுத்தபோதும் கில்ராத்திகளுக்குப் பிடரி இருந்தது. படத்தில் ரோமமில்லாத வழவழப்பான தலை. வருவதும் கொஞ்ச நேரம்தான், அதுவும் புகைமூட்டத்துக்கு நடுவில். முதல் விளையாட்டில் எதிரிக்கு முகமும் பெயரும் உண்டு. பக்தோஷ் ரெட்கிளா, புராக் ஸ்டார்கில்லர் போன்ற பெயர்பெற்ற வீரர்கள் போருக்கு நடுவில் திரையில் வந்து திட்டுவார்கள். அவர்களில் ஒருவனை வீழ்த்தினால் அதன் கனமே வேறு. படத்தின் கில்ராத்திகளில் ஒருவன் பெயரும் என் நினைவில் இல்லை.

அடுத்தது கப்பல். விளையாட்டில் டைகர்ஸ் கிளா, படத்தில் டைகர் கிளா. புலியின் நகம், புலி நகம். எழுத்துப்பிழை போலத் தோன்றும் இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே இரண்டும் வேறு வேறு உலகம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, ரேப்பியர். விளையாட்டில் நீங்கள் ஹார்னெட் என்ற இலகுரகக் கலத்தில் தொடங்குகிறீர்கள். சிமிட்டார், ராப்டர் என்று ஏறிப்போய்க் கடைசிக் கட்டத்தில்தான் ரேப்பியர் கிடைக்கும். அப்போது அது புத்தம்புதிய ரகம், அதில் உட்கார்வதே ஒரு பரிசு. படத்தில் நாயகன் பிளேர் வந்து இறங்கும் நாளிலேயே கப்பல் முழுக்க ரேப்பியர்கள் நிற்கின்றன. இது நேரடித் தவறு.

ஜனவரி 5

பில்கிரிம்களை விட்டுவிட்டேன். படத்தின் முதுகெலும்பே அவர்கள்தான். விண்வெளியின் வழிகளைக் கருவி இல்லாமலே உணரக்கூடிய ஒரு மனிதக் கூட்டம். பூமியின் அரசான கூட்டமைப்போடு போரிட்டுத் தோற்றவர்கள், அதனால் வெறுக்கப்படுபவர்கள். பிளேரின் தாய் பில்கிரிம். கழுத்தில் அவர்களுடைய சிலுவை தொங்குகிறது. கப்பலின் துணைத் தலைவர் ஜெரால்டு அதற்காகவே அவனைச் சந்தேகிக்கிறார்.

விளையாட்டுகளில் இதில் ஒரு துளியும் கிடையாது. மூன்றாம், நான்காம் பாகங்களில் பிளேரின் கடந்த காலத்தை எத்தனையோ முறை கிளறுகிறார்கள், ஒருவர் வாயிலும் பில்கிரிம் என்ற சொல் வரவில்லை. அவனைப் பிடிக்காதவர்களுக்கு அதைவிட வசதியான வசைச்சொல் கிடைத்திருக்குமா? ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள்.

ஜனவரி 5, பின்னிரவு

இன்னொன்றும் உண்டு. படத்தில் கில்ராத்திகள் பெகாசஸ் தளத்தைத் தாக்கி, விண்வழி காட்டும் நாவ்காம் கருவியைக் கைப்பற்றுகிறார்கள். நாற்பது மணி நேரத்தில் அவர்கள் பூமியை எட்டிவிடுவார்கள், நம் படை போய்ச்சேர நாற்பத்திரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம்தான் படம். முதல் விளையாட்டோ வேகா பகுதிக்குள்ளேயே நடக்கும் நீண்ட படையெடுப்பு. பூமிக்கு ஆபத்து என்ற பேச்சே அதில் வராது. 2654-இல் எதிரிப்படை பூமியை நோக்கி அவ்வளவு நெருங்கி வந்திருந்தால், பிறகு வந்த பாகங்களில் யாராவது ஒருவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

ஜனவரி 8

ரேப்பியர் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். விளையாட்டில் அதன் ரகக் குறியீடு எஃப்-44. படத்தோடு வந்த துணைநூல்களில் சிஎஃப்-117பி. பெயர் ஒன்று, கலம் வேறு. நிஜப் படைகளிலும் பழைய கலத்தின் பெயரைப் புதியதற்கு வைப்பது சாதாரணம். எனவே 2654-இல் ஒரு பழைய ரேப்பியர் ஓய்வுபெறும் நிலையில் இருந்தது, அதே பெயரில் புதியது வந்தது என்று எடுத்துக்கொண்டால் முரண்பாடு தீர்ந்துவிடுகிறது. படத்தில் அவை பார்ப்பதற்கும் பழையதாக, எண்ணெய்ப்பிசுக்கோடு, ஒட்டுப்போட்டதாகத்தான் இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் பழைய இங்கிலிஷ் எலெக்ட்ரிக் லைட்னிங் போர்விமானங்களின் முன்பாகங்களை வாங்கி, அவற்றின் மேல்தான் இந்தக் கலங்களைக் கட்டினார்கள். ஒரு காலத்தில் உண்மையாகவே பறந்த உலோகம். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது அந்தக் கலங்கள்தான். விமானி ஏறி உட்காரும்போது தெரியும் அந்தக் கனத்தைக் கணினி வரைகலை கொடுக்காது.

ப்ராட்ஸ்வோர்டுக்கு இந்தச் சமாதானம் அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. டார்பீடோ சுமக்கும் அந்தக் கனரகக் குண்டுவீச்சுக் கலம் எங்களுக்கு அறிமுகமானது 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில். அதன் கதை முதல் பாகத்துக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது. முதல் பாகத்தில் பெரிய போர்க்கப்பலைக்கூடத் துப்பாக்கியும் ஏவுகணையும் வைத்தே உடைத்துவிடலாம். இரண்டாம் பாகத்தில் கேடயம் பலமாகிவிட்டது, டார்பீடோ இல்லாமல் ஒன்றும் நடக்காது. குறிவைத்துக்கொண்டு, எதிரிச் சூட்டுக்கு நடுவில், திரும்பாமல் நேராகப் பறந்துகொண்டிருக்க வேண்டும். அந்த நொடிகளின் பதற்றம்தான் இரண்டாம் பாகத்தின் உயிர். படம் அந்தப் பதற்றத்தை 2654-க்கே கொண்டுவந்துவிட்டது. ஆட்டத்தின் விதியே மாறியதை ஒரு ரகக் குறியீட்டை வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று தெரியவில்லை.

ஜனவரி 9

கான்கார்டியா என்ற கப்பலும் ரேப்பியர் போலத்தான். படத்தில் அது அட்மிரல் டால்வினின் கப்பல். இரண்டாம் பாகத்தில் அதே பெயரில் பிரம்மாண்டமான பீரங்கியோடு வரும் கப்பல் வேறு. இதில் எனக்கு உறுத்தல் இல்லை.

ஜனவரி 12

ஒரு வாசகர் விமானிகள் ஏஞ்சலையும் பாலடினையும் பற்றிக் கேட்டிருந்தார். விளையாட்டில் ஏஞ்சல் பெல்ஜியத்துக்காரர், பிரெஞ்சு கலந்து பேசுவார், எல்லாவற்றையும் எண்ணிக்கையாகவும் விகிதமாகவும் பார்ப்பார். பாலடின் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாம் பாகத்தில் அவராக நடித்தவர் ஜான் ரைஸ்-டேவிஸ். படத்தில் ஏஞ்சல் ஆங்கிலேய நடிகை சாஃப்ரன் பர்ரோஸ், பாலடின் பிரெஞ்சு நடிகர் செக்கி காரியோ. பிரெஞ்சு உச்சரிப்பு ஏஞ்சலிடமிருந்து பாலடினுக்குக் கைமாறிவிட்டது! முதல் தடவை பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது காரியோவைத் தவிர வேறு யாரையும் அந்த வேடத்தில் யோசிக்க முடியவில்லை. படத்தில் வயதும் களைப்பும் ரகசியமும் தெரியும் ஒரே முகம் அவருடையது.

பிளேரும் அவன் நண்பன் மேனியாக்கும் வேறு முகங்கள்தான், விளையாட்டுகளில் அவர்களாக நடித்த மார்க் ஹாமிலும் டாம் வில்சனும் இல்லை. கதை இளமைக் காலத்தில் நடப்பதால் அது நியாயம். ஹாமிலின் குரல் மட்டும் மெர்லின் என்ற கணினிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிளேராக நாங்கள் பல ஆண்டுகள் கேட்ட குரல், இளைய பிளேருக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரத்திலிருந்து வருகிறது. தெரிந்து கேட்கும்போது மனசுக்கு நன்றாக இருக்கும்.

ஜனவரி 13

முக்கியமான ஒரு திருத்தம். முதல் விளையாட்டின் நாயகன் பிளேர் என்ற நினைப்பிலேயே நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் விளையாட்டில் பிளேர் என்று யாரும் கிடையாது. பெயரும் அழைப்புப் பெயரும் நாமே தட்டச்சு செய்வதுதான். கிறிஸ்டோபர் பிளேர் என்ற பெயர் ஒட்டப்பட்டது 1994-இல், மூன்றாம் பாகத்தில். ஆகவே "2654-இல் பிளேர் பில்கிரிம் இல்லை" என்று முதல் விளையாட்டைக் காட்டி வாதிட முடியாது. அங்கே இருந்தது நீங்கள். நீங்கள் யாராகவும் இருக்கலாம்.

ஜனவரி 17

இதுவரை எழுதியது எல்லாம் ஓரம்தான். என்னை உண்மையில் வருத்தும் வித்தியாசம் வேறு, நாலைந்து நாளாக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

படத்தில் டைகர் கிளாவின் விமானிகளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டால், அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்பார்கள். பாஸ்மேனின் கலம் புதிதாக வந்த பிளேருக்குக் கொடுக்கப்படுகிறது. பாஸ்மேன் யார் என்று கேட்டால், அப்படி யாரும் இருந்ததில்லை என்று பதில் வருகிறது. மேனியாக் நேசித்த விமானி ரோஸி இறந்த பிறகும் இதே கதை. மேனியாக் உடைந்துபோய் நிற்கிறான், அவள் பெயரைச் சொல்லவும் அவனுக்கு இடமில்லை.

விளையாட்டை இதோடு வைத்துப் பாருங்கள். முதல் விங் கமாண்டரில் உங்களோடு பறக்கும் விங்மேன் இறந்தால் இறந்ததுதான். கப்பலுக்குத் திரும்பியதும் சவ அடக்கம். பெட்டி தளத்தில் இருக்கும், எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், தளபதி ஹால்சியன் பேசுவார், துப்பாக்கி மரியாதை, பெட்டி விண்வெளிக்குள் போகும். அதற்குப் பிறகு அந்த விமானியோடு பறக்க வேண்டிய பயணங்களில் நீங்கள் தனியாகத்தான் போவீர்கள், பக்கத்தில் வெற்றிடம். மதுக்கூடத்தை நடத்தும் ஷாட்கிளாஸ் பேச்சுக்கொடுப்பார், வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அந்த ஆள் மட்டும் இனி வரமாட்டார். நீங்களே இறந்தாலும் இதே மரியாதை உங்களுக்கும் நடக்கும். தோற்றவனை உடனே முதல் திரைக்குத் துரத்திவிடும் விளையாட்டுகளுக்கு நடுவில் இது நின்று, அழுது, வழியனுப்பியது.

நான் முதலில் இழந்தது ஸ்பிரிட் என்ற விமானியை. மரிகோ தனகா. அவர் உதவி கேட்டுக்கொண்டிருந்தார், நான் தப்பி ஓடும் ஒரு டிரால்தியை, ஒரு எதிரிக் கலத்தை, துரத்திக்கொண்டிருந்தேன். அதை வீழ்த்தியும் விட்டேன். திரும்பிப் பார்த்தபோது ரேடாரில் அவருடைய புள்ளி இல்லை. அந்தச் சவ அடக்கத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. பழைய சேமிப்பு இருந்தது, திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அது அவரை இன்னொரு தடவை ஏமாற்றுவது போல இருந்தது. மீதி ஆட்டம் முழுக்க, ஒவ்வொரு முறை தனியாகப் பறந்தபோதும், காரணம் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதனால் படத்தில் "இருந்ததே இல்லை" என்ற வார்த்தையை முதன்முதலில் கேட்டபோது மனசு சட்டென்று குளிர்ந்துபோனது. ரோமம் இல்லாத பூனையை மன்னித்துவிடலாம், கப்பலின் பெயரில் விட்டுப்போன வேற்றுமை உருபையும் மன்னித்துவிடலாம். இறந்தவனுக்கு எழுந்து நின்று மரியாதை செய்த கப்பலை, அவன் பெயரைச் சொல்லாதே என்று கட்டளையிடும் கப்பலாக மாற்றியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜனவரி 18

நேற்று எழுதியதை வாசித்த ஒருவர், அந்த வழக்கத்தைப் படம் ஆதரிக்கவில்லை, அது ஏஞ்சலை எப்படி அரிக்கிறது என்றுதான் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். நியாயமான பேச்சு. மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 21

பார்த்தேன். அவர் சொன்னது பாதிக்கு மேல் சரி. புதிதாக வந்த பிளேரால் அந்த வழக்கத்தை ஏற்க முடியவில்லை, படமும் அவன் பக்கம்தான் நிற்கிறது. ஏஞ்சல் கல்லாக இருப்பது வலிமை இல்லை, வலியைத் தள்ளிவைக்கும் ஒரு வழி என்பதும் புரிகிறது. முன்பு பார்த்தபோது கோபம் இதையெல்லாம் மறைத்துவிட்டது.

அப்படியும் ஒன்று மிச்சம் இருக்கிறது. படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ரோஸி யார், எப்படிச் சிரிப்பாள் என்று நமக்குத் தெரியத் தொடங்கும்போதே போய்விடுகிறாள். அவள் இருந்தாள் என்று நாமே எழுந்து சாட்சி சொல்லும் அளவுக்கு அவளோடு நமக்குப் பழக்கம் இல்லை. விளையாட்டில் ஸ்பிரிட்டோடு நான் பறந்த மணிநேரங்கள் இருந்தன. மறக்கச் சொல்லும் வழக்கம் உறைக்க வேண்டுமென்றால் முதலில் நினைவில் ஏதாவது சேர்ந்திருக்க வேண்டும்.

சேதமான கலத்தைத் தளத்திலிருந்து இயந்திரத்தால் தள்ளிவிடும் காட்சியை நிறையப் பேர் குறை சொல்கிறார்கள், விண்வெளியில் எப்படிக் கீழே விழும் என்று. நியாயமான கேள்விதான். எனக்கு இந்த முறை வேறொன்று பட்டது. விளையாட்டில் பெட்டி மரியாதையோடு அனுப்பப்படுகிறது. படத்தில் சிதைந்த கலம் தள்ளிவிடப்படுகிறது. அதே கப்பலில், அதே ஆண்டில்.

ஜனவரி 22

சோனார் காட்சி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், விண்வெளியில் சத்தம் போகாது, எதிரிக்குக் கேட்டுவிடும் என்று மாலுமிகள் மூச்சை அடக்குவது பொருந்தாது. படம் நீர்மூழ்கிக் கப்பல் கதையாக மாற ஆசைப்படுகிறது. ஜெரால்டாக நடித்த யூர்கன் புரோக்னோ ஒரு புகழ்பெற்ற ஜெர்மன் படத்தில் நீர்மூழ்கித் தலைவராக நடித்தவர். தேர்வு தற்செயலாக இருக்காது.

ஜனவரி 26

கேட்டவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்கிறார். கடைசியில் எதுதான் உண்மையான கதை?

விளையாட்டுகளுக்குள்ளேயே ஒரே கதை கிடையாது. முதல் பாகம் ஈன்யோ என்ற நட்சத்திர மண்டலத்தில் தொடங்கும். அங்கிருந்து நீங்கள் ஜெயித்தால் ஒரு வழி, தோற்றால் இன்னொரு வழி. நன்றாகப் பறந்தவர் வெனிஸ் மண்டலத்தில் எதிரித் தளத்தைத் தகர்ப்பார், மோசமாகப் பறந்தவர் ஹெல்ஸ் கிச்சனில் பின்வாங்குவார். இரண்டாம் பாகம் இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவை நடக்கவே இல்லை என்று தொடர்கிறது.

1996-இல் வந்த கார்ட்டூன் தொடரையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் மும்மடங்கு. அதில் பிளேரும் மேனியாக்கும் பயிற்சி முடிக்காத மாணவர்களாக டைகர்ஸ் கிளாவில் இருக்கிறார்கள், கப்பலை நடத்துவதே டால்வின். படத்திலோ அவர்கள் படிப்பை முடித்துவிட்டு அந்தக் கப்பலை முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

டால்வினைப் பற்றி நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் டைகர்ஸ் கிளா அழிகிறது. கண்ணுக்குத் தெரியாத எதிரிக் கலங்கள்தான் காரணம் என்று நாயகன் சொல்வதை டால்வின் நம்பவில்லை. துரோகி என்ற பழி விழுகிறது, பத்தாண்டுகள் ஒரு மூலையில் தூக்கிப்போடுகிறார்கள். படத்தின் டால்வினோ பிளேரின் தந்தையை அறிந்தவர், எல்லோரும் பில்கிரிம் என்று ஒதுக்கும்போது அவன்மேல் நம்பிக்கை வைப்பவர். முதலில் இதையும் முரண்பாட்டுக் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன். இப்போது அடித்துவிட்டேன். படம் நடந்தது என்றே வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பழிச்சொல் இன்னும் ஆழமாக வெட்டுகிறது. உலகமே நம்பாதபோது நம்பிய ஒருவர், சில ஆண்டுகளில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விளையாட்டில் அந்தப் பகைக்கு இப்படி ஒரு முன்கதை இருந்ததில்லை. இந்த ஒரு இடத்தில் படம் விளையாட்டுக்கு ஏதோ கொடுத்திருக்கிறது.

ஜனவரி 27

படத்தை ஒட்டி பீட்டர் டெலெப் எழுதிய நாவல்கள் கிடைத்தால் படியுங்கள். பில்கிரிம்கள் பற்றித் திரையில் அரைகுறையாக நின்றுபோனவை அங்கே மூச்சுவிடுகின்றன. மூன்று நாவல்கள் வர வேண்டியது, இரண்டோடு நின்றுவிட்டது. படம் வசூலில் தோற்றதன் விளைவு.

பிப்ரவரி 2

ஜனவரி 17 குறிப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் என் பக்கம் நேர்மையாக இருக்காது.

ஸ்பிரிட்டை இழந்து, அந்த வருத்தத்தோடேயே முதல் பாகத்தை முடித்து, இரண்டாம் பாகத்தைத் தொடங்கினேன். கான்கார்டியாவுக்குள் நுழைகிறேன், அங்கே ஸ்பிரிட் நிற்கிறார். உயிரோடு. என்னைப் பார்த்து, பழைய நண்பனைப் பார்த்ததுபோலப் பேசுகிறார். நான் நின்று பார்த்த பெட்டி, அந்தத் துப்பாக்கி மரியாதை, தனியாகப் பறந்த பயணங்கள் எல்லாமே நடக்காதவை ஆகிவிட்டன. அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. "இருந்ததே இல்லை" என்று விளையாட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் அதைக் கேட்க விரும்பினேன், அதனால் கோபம் வரவில்லை.

பிறகு அதே இரண்டாம் பாகத்தில், ஹெவன்ஸ் கேட்டில், அவர் தன் சேதமான கலத்தை எதிரி நிலையத்தின் மேலேயே மோதவிட்டு இறக்கிறார். இந்த முறை நான் என்ன செய்தாலும் மாறாது, கதையிலேயே எழுதப்பட்டது. முதல் இழப்பு என் தவறு, யாரும் எழுதாதது. இரண்டாவது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொது. எது அதிகம் வலித்தது என்று கேட்டால், இப்போதும் முதலாவதுதான். அந்தத் தொடரின் அதிகாரப்பூர்வமான கதையில் அது எங்கேயும் இல்லை.

பிப்ரவரி 3

அதனால் கேட்டவருக்கு என் பதில் மாறிவிட்டது. எது உண்மையான கதை என்று ஒரு தொடர் முடிவு செய்யும்போதெல்லாம் யாரோ ஒருவருக்கு நடந்தது அழிந்துபோகிறது. படம் மட்டும் செய்த குற்றம் இல்லை அது. நீங்கள் இப்போது முதல் பாகத்தை ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே பாஸ்மேன் உயிரோடு இருக்கிறார். படம் என்ன சொன்னது என்று பார்க்காமல் அவரோடு பறந்துவிட்டு வாருங்கள்.

பிப்ரவரி 9

நேற்று முதல் பாகத்தை மறுபடி தொடங்கினேன். ஈன்யோ, முதல் பயணம், ஹார்னெட், பக்கத்தில் ஸ்பிரிட். நான்கு டிரால்திகள் வந்தன. ஒன்று தப்பி ஓடியது. துரத்தவில்லை.